கொலஸ்ட்ரால்-டிஇஜி ஒலிகோ: ஆர்டர் போடும் முன்பும் குழாயைத் திறந்த பின்பும்

டிஎன்ஏவால் கட்டிய நானோ வடிவங்களைச் செல் சவ்வில் நிற்கவைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது கொலஸ்ட்ரால்-டிஇஜி ஒலிகோவைத்தான் (ஒலிகோ என்பது செயற்கையாகச் செய்த குட்டை டிஎன்ஏ இழை). ஒரு முனையில் கொலஸ்ட்ரால், நடுவே ட்ரைஎத்திலீன் கிளைக்காலால் ஆன 15 அணு நீள இணைப்பு, அதன் பிறகு நாம் கேட்ட டிஎன்ஏ வரிசை. சொந்தமாக வேதியியல் கூடம் இல்லாத ஆய்வகம்கூட வரிசையைத் தட்டிவிட்டு வாங்கிவிடலாம். சவ்வு நங்கூரங்களில் முதலில் வாங்க வேண்டியது இன்றும் இதுதான் என்பது நம் தீர்ப்பு. ஒரே ஒரு நிபந்தனை: குழாய்க்குள் இருப்பது பாதி சோப்பு. சாதாரண டிஎன்ஏ இழையான பிசிஆர் பிரைமரைக் கையாள்வது போல இதைக் கையாண்டால் பணமும் போகும், வாரங்களும் போகும்.

நங்கூரம் எதற்கு? டிஎன்ஏவின் ஒவ்வொரு பாஸ்பேட்டும் ஒரு எதிர்மின்னூட்டம். லிப்பிட் என்ற கொழுப்பு மூலக்கூறுகளால் ஆன சவ்வின் ஈரடுக்கு மொத்தம் 4 முதல் 5 நானோமீட்டர் தடிமன். அதில் சுமார் 3 நானோமீட்டர் வெறும் எண்ணெய்ப் பகுதி. மின்னூட்டம் நிறைந்த ஒரு கம்பியை அந்த எண்ணெய்க்குள் தானாக நுழையச் சொன்னால் நுழையாது. 2012இல் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழுவினர் ஒரிகாமியால் (நீண்ட டிஎன்ஏ இழையைக் குட்டை இழைகளால் மடித்து வடிவமாக்கும் முறை) செய்த சவ்வுக் கால்வாயைச் சயின்ஸ் இதழில் வெளியிட்டார்கள். அதன் தண்டு 42 நானோமீட்டர், உள்துளை 2 நானோமீட்டர்; அதைச் சவ்வில் பிடித்து நிறுத்தியவை 26 கொலஸ்ட்ரால்கள். அடுத்த ஆண்டே லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரிக் குழு வேறு வழியில் போனது. சவ்வுக்குள் அமரும் பகுதியின் பாஸ்பேட்டுகளில் எத்தில் குழுக்களைச் சேர்த்து மின்னூட்டத்தையே தணித்தார்கள். பிறகு போர்ஃபிரின் என்ற வளைய மூலக்கூறையும் நங்கூரமாக்கிப் பார்த்தார்கள். 2016இல் அதே குழு வெளியிட்ட, சாவி இழை வந்தால் திறக்கும் சிறிய ஆறு சுருள் குழலுக்கு 3 கொலஸ்ட்ரால் போதுமானதாக இருந்தது. எத்தனை நங்கூரம் வேண்டும் என்பதை வடிவத்தின் பருமனும், அது சவ்வின் மேல் படுக்கிறதா ஊடுருவுகிறதா என்பதும் சேர்ந்து முடிவு செய்கின்றன. கடைப் பட்டியலில் இதற்கு விடை கிடைக்காது.

ஆர்டர் படிவத்தில் பலர் யோசிக்காமல் கடந்துவிடும் கேள்வி, கொலஸ்ட்ரால் 5' முனையிலா 3' முனையிலா (டிஎன்ஏ இழையின் இரு முனைகளின் பெயர்கள் இவை) என்பது. ஒலிகோ 3' முனையிலிருந்து 5' நோக்கித்தான் வளர்கிறது. 5' முனையில் கேட்டால் கொலஸ்ட்ரால் கடைசிப் படியில் ஏறும். நடுவில் நின்றுபோன குட்டை இழைகளில் அது இருக்காது. ஆகவே எண்ணெய்ப் பசையை வைத்து மூலக்கூறுகளைப் பிரிக்கும் ரிவர்ஸ் ஃபேஸ் எச்பிஎல்சியில் முழு நீள இழை தனியாக, வெகுநேரம் கழித்து வெளியே வரும். 3' முனையில் கேட்டால் கொலஸ்ட்ரால் தொடக்கத்திலேயே இழை வளரும் தாங்கியில் உட்கார்ந்திருக்கிறது, குட்டை இழைகள் எல்லாவற்றுக்கும் அந்த வால் உண்டு. எல்லாமே எண்ணெய்ப் பசையுடன் ஒட்டி ஒட்டி வருவதால் எச்பிஎல்சி அவற்றைச் சரியாகப் பிரிக்காது. ஒவ்வொரு இணைப்பும் 99 சதவீதம் நடந்தது என்று வைத்துக்கொண்டால் 20 எழுத்து இழையில் முழு நீளம் சுமார் 83 சதவீதம், 40 எழுத்தில் சுமார் 68 சதவீதம். எனவே 3' கொலஸ்ட்ரால் வேண்டுமென்றால் இழை குட்டையாக இருக்கட்டும், 18 முதல் 20 எழுத்துக்குள். 3' முனைக்கும் ஒரு நன்மை உண்டு. சீரத்தில் டிஎன்ஏவைத் தின்னும் நொதிகளில் முக்கியமானவை 3' முனையிலிருந்து கடிப்பவை. அந்த முனையை கொலஸ்ட்ரால் அடைத்திருந்தால் இழை கொஞ்சம் கூடுதல் நேரம் தாங்கும்.

முனைத் தேர்வை வடிவமைப்பும் கட்டுப்படுத்துகிறது. ஒரிகாமியை மடித்துப் பிடிக்கும் குட்டை இழையான ஸ்டேபிளை 3' பக்கம் நீட்டி, கொலஸ்ட்ரால் இழை வந்து சேர அதைக் கைப்பிடியாக விட்டிருந்தால், 3' கொலஸ்ட்ரால் கொண்ட இணை இழை சேரும்போது கொலஸ்ட்ரால் ஒரிகாமியின் உடம்பை ஒட்டி அமரும். அதே கைப்பிடிக்கு 5' கொலஸ்ட்ரால் இழையைச் சேர்த்தால் கொலஸ்ட்ரால் வெளிமுனையில், உடம்பிலிருந்து 20 எழுத்து இணை தூரத்தில், ஏறத்தாழ 7 நானோமீட்டர் தள்ளி நிற்கும். ஸ்டேபிளை 5' பக்கம் நீட்டியிருந்தால் இது தலைகீழ். கைப்பிடியும் கொலஸ்ட்ராலும் ஒரே முனைப் பெயரில் இருந்தால் நெருக்கம், வெவ்வேறு பெயரில் இருந்தால் தூரம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். சவ்வை ஊடுருவும் துளைக்கு நெருக்கம்தான் வேண்டும். மேலே படுத்துக் கிடக்கும் தட்டுக்குத் தூரம் இருந்தாலும் பாதகமில்லை, சொல்லப்போனால் அந்த அசைவு ஒட்டுதலுக்கு உதவும்.

சுத்திகரிப்பில் சிக்கனம் வேண்டாம். வெறும் உப்பு நீக்கிய சரக்கில் கொலஸ்ட்ரால் ஏறாத இழைகளும் கலந்திருக்கும். அவையும் அதே கைப்பிடிகளில் போய் உட்கார்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். பத்து நங்கூரம் என்று வரைந்த வடிவம் ஆறோ ஏழோ நங்கூரத்தோடு நிற்கும், அது எந்த ஜெல்லிலும் தெளிவாகத் தெரியாது. எச்பிஎல்சி சுத்திகரிப்பும், நிறை நிறமாலையில் அளந்த மூலக்கூறு எடையும் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். இந்தச் சரக்கின் மேல் நம் முதல் குறை இதுதான்: கூட வரும் சான்றிதழ் பெரும்பாலும் 260 நானோமீட்டர் ஒளி உறிஞ்சலை வைத்து எத்தனை நானோமோல் என்று சொல்வதோடு நின்றுவிடுகிறது. கொலஸ்ட்ரால் அந்த அலைநீளத்தில் உறிஞ்சுவதில்லை. அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் எண் ஒன்றுதான்.

செல்களோடு வேலை என்றால் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: சோடியம் உப்பு வடிவம். எச்பிஎல்சியில் பயன்படும் ட்ரைஎத்தில்அம்மோனியம் இழையோடு ஒட்டி வரும். செல்களுக்கு அது ஆகாது. கேட்காவிட்டால் பல இடங்களில் மாற்றித் தருவதில்லை.

குழாய் கைக்கு வந்ததும் முதலில் சுழற்றிப் பொடியை அடியில் சேருங்கள். பிறகு கரைக்க வேண்டியது சுத்த நீரில், 100 மைக்ரோமோலாருக்கு. மெக்னீசியம் உள்ள பஃபரில் ஒருபோதும் கரைக்காதீர்கள். உப்பு கூடக்கூட பாஸ்பேட்டுகளுக்கு இடையிலான விலக்கம் குறைகிறது, கொலஸ்ட்ரால்கள் தம்முள் கைகோத்து மைசெல் என்ற உருண்டைகளாகத் திரள்கின்றன. புரதம் ஒட்டாத வகைக் குழாய்களையே பயன்படுத்துங்கள். சாதாரண பாலிப்ரொப்பிலீன் சுவர் கொலஸ்ட்ராலை விரும்பி இழுக்கும். 100 மைக்ரோமோலாரில் அந்த இழப்பு உறைக்காது, நானோமோலார் அளவுக்கு நீர்த்த கரைசலை இரவு முழுக்க விட்டால் காலையில் பெரும்பகுதி சுவரில் இருக்கும். நீர்த்த கரைசலை அன்றன்றைக்குத் தயாரிப்பதே வழக்கமாகட்டும். மூலக் கரைசலை 10, 20 மைக்ரோலிட்டராகப் பிரித்து மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள்.

உறைந்து உருகிய குழாயில் திரள்கள் நிச்சயம் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் பயன்படுத்தும் முன் 60 முதல் 65 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம் சூடாக்கி, சூடு ஆறுவதற்குள் பிப்பெட்டால் மேலும் கீழும் நன்றாகக் கலக்கி, உடனே எடுக்க வேண்டும். இந்த ஒரு படியைத் தவிர்ப்பதால் வரும் கோளாறுகளை லிப்பிட் மேலும் மைக்ராஸ்கோப் மேலும் பழி போட்டுத் தேடிக்கொண்டிருப்பது நடக்கிறது. பட்டியல் பக்கத்தில் விற்பவர்கள் இதை ஒரு வரியில் எழுதிவைக்கலாம், பெரும்பாலும் எழுதுவதில்லை.

திரளுதலுக்கு வடிவமைப்பிலேயே ஒரு மருந்து இருக்கிறது, இந்தத் துறையில் வந்த மிகப் பயனுள்ள யோசனைகளில் ஒன்று அது. 2019இல் கேம்பிரிட்ஜ் குழு காட்டியது: கொலஸ்ட்ராலுக்குப் பக்கத்தில் இணை சேராத ஒற்றை இழை டிஎன்ஏ சில எழுத்துகள் தொங்கும்படி விட்டால் அது கொலஸ்ட்ராலை ஒரு துணி போலப் போர்த்திக்கொள்கிறது. வடிவங்கள் ஒன்றோடொன்று ஒட்டுவது வெகுவாகக் குறைகிறது. சவ்வைக் கண்டதும் கொலஸ்ட்ரால் போர்வையை விலக்கிக்கொண்டு உள்ளே போகிறது. செலவு என்று பார்த்தால் இணை இழையில் ஆறேழு எழுத்துகள் கூடுதல், அவ்வளவுதான். புதிதாக வடிவமைப்பவர்கள் இதைச் சேர்க்காமல் ஆர்டர் போடுவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

இனி ஒரிகாமியோடு சேர்ப்பது. வழக்கமான ஒரிகாமி என்றால் எம்13 என்ற வைரஸின் 7249 எழுத்து வளைய இழையும் அதை மடிக்கும் ஏறத்தாழ 200 ஸ்டேபிள்களும். 2006இல் பால் ரோத்மண்ட் காட்டிய முறை. ஆறேழு இழைகளால் ஆன சிறு குழலுக்குக் கொலஸ்ட்ரால் இழையையும் சேர்த்து ஒரே பானையில் சூடாக்கி ஆற்றலாம். பெரிய ஒரிகாமிக்கு அப்படிச் செய்யாதீர்கள். முதலில் வெறும் கைப்பிடிகளோடு மடித்து, மீந்த ஸ்டேபிள்களை நீக்கிச் சுத்தம் செய்துவிட்டு, கடைசியாகத்தான் கொலஸ்ட்ரால் இழையைச் சேர்க்க வேண்டும். வரிசை மாறினால் நடப்பது இது: 100 கிலோடால்டன் வடிகட்டியில் 6500 டால்டன் எடையுள்ள 20 எழுத்து இழை எளிதாக வெளியேற வேண்டும். கொலஸ்ட்ரால் இழையோ மைசெல்லாகத் திரண்டு வடிகட்டியின் மேலேயே ஒரிகாமியோடு தங்கிவிடுகிறது, வடிகட்டியிலும் ஒட்டுகிறது. பாலிஎத்திலீன் கிளைக்காலால் வீழ்படிவாக்கும் முறையும் இந்த நிலையில் உதவாது. நங்கூரம் ஏறிய ஒரிகாமிகளை நெருக்கிப் பிசைந்தால் பிறகு பிரியாது.

அளவுக் கணக்கு எளிது. ஒரிகாமி 10 நானோமோலார், ஒவ்வொன்றிலும் 10 கைப்பிடி என்றால் கைப்பிடி 100 நானோமோலார். கொலஸ்ட்ரால் இழை 120 முதல் 150 நானோமோலார் போதும். அறை வெப்பத்திலோ 37 டிகிரியிலோ அரை மணி முதல் ஒரு மணி நேரம். பாதுகாப்புக்காகப் பத்து மடங்கு போடும் பழக்கம் இங்கே கெடுதல்: மீந்த இழை ஒரிகாமிக்கு முன்பே சவ்வை நிரப்பும். சேர்த்த பிறகு 11 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு கலந்த அகரோஸ் ஜெல்லில், குளிர்ச்சியில் ஓட்டிப் பாருங்கள். கிணற்றிலேயே பிரகாசமாகத் தங்கிவிட்டால் திரள். ஜெல்லில் எஸ்டிஎஸ் என்ற சோப்பைச் சேர்த்துத் திரளை உடைத்துப் பார்ப்பதும் உண்டு. பொட்டாசியம் உள்ள பஃபரில் மட்டும் அதைச் செய்யாதீர்கள், வெள்ளையாகப் படிந்துவிடும்.

இன்னும் நல்ல வழி, படிகளைப் பிரிப்பது. கொலஸ்ட்ரால் இழையைத் தனியாக முதலில் சவ்வில் ஏற்றி, மீந்ததைக் கழுவி, பிறகு வெறும் கைப்பிடியோடு ஒரிகாமியை விடுங்கள். எண்ணெய்ப் பசையுள்ள ஒரிகாமி என்ற ஒன்று கரைசலில் எந்த நேரத்திலும் இருக்காது என்பதால் திரளும் பேச்சே எழாது. மேலே படுக்கும் வடிவங்களுக்கு இதையே பரிந்துரைக்கிறோம். ஊடுருவும் துளைகளுக்கு இது பொருந்தாது. அங்கே நங்கூரங்கள் துளையின் சுற்றளவில் குறித்த இடங்களில் ஏற்கெனவே இருந்தாக வேண்டும்.

ஒற்றைக் கொலஸ்ட்ரால் சவ்வில் நிரந்தரமாகத் தங்காது, போய் வந்துகொண்டே இருக்கும். 2004இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஃபைஃபரும் ஹூக்கும் இரட்டைக் கொலஸ்ட்ரால் வழியைக் காட்டினார்கள். நீளமான ஓர் இழை, குட்டையான ஓர் இழை, இரண்டும் இணைந்த முனையில் இரண்டு கொலஸ்ட்ரால். பிடி ஏறக்குறைய மீளாததாகிவிடுகிறது. இழைகள் எதிரெதிர்த் திசையில் இணைவதால் ஒன்றை 3' கொலஸ்ட்ராலாகவும் மற்றதை 5' கொலஸ்ட்ராலாகவும் ஆர்டர் செய்ய வேண்டும். இரண்டையும் 5' என்று எழுதிவிட்டால் கொலஸ்ட்ரால்கள் இரட்டைச் சுருளின் இரு கோடிகளில் போய் நிற்கும்.

சவ்வில் ஒட்டியதா என்று பார்க்கப் பெரிய லிப்பிட் குமிழிகள்தான் வசதி: சாயமிட்ட ஒரிகாமி ஒட்டினால் குமிழியைச் சுற்றி ஒளிவளையம் தெரியும். உள்ளே சுக்ரோஸ், வெளியே குளுக்கோஸ் அல்லது பஃபர், இரு பக்கமும் சவ்வூடு அழுத்தம் சமம். இதில் அடிக்கடி விட்டுப்போவது மெக்னீசியத்தின் பங்கு. 10 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு மூன்று அயனிகளாகப் பிரிந்து சுமார் 30 மில்லிஆஸ்மோல் சேர்க்கிறது. அதைக் கணக்கில் எடுக்காவிட்டால் குமிழி தளர்ந்து சுருங்கும், அந்தச் சுருக்கத்தை ஒரிகாமி செய்த வளைவு என்று தவறாகப் படிக்க நேரும். வளைந்த ஒரிகாமி சவ்வை உண்மையிலேயே வளைக்கும் என்பது 2018இல் பெட்ரா ஷ்வில்லேயின் குழு காட்டியதுதான். அப்படி உரிமை கோரும் முன் சவ்வூடு அழுத்தமானியில் அளந்த எண் கையில் இருக்க வேண்டும்.

கட்டுப்பாட்டுச் சோதனை ஒன்றைத் தவறவே விடக்கூடாது: கொலஸ்ட்ரால் இல்லாத அதே ஒரிகாமி, அதே லிப்பிட், அதே மெக்னீசியம். கால்சியமும் மெக்னீசியமும் பாஸ்பேட்டுக்கும் லிப்பிட் தலைக்கும் நடுவே பாலம் போடும். உறைந்த நிலை லிப்பிட்களில் நங்கூரமே இல்லாமல் டிஎன்ஏ ஒட்டிக்கொள்வது நன்கு தெரிந்த விஷயம். கட்டுப்பாட்டிலும் ஒளிவளையம் தெரிந்தால் நீங்கள் காண்பது கொலஸ்ட்ராலின் வேலையே இல்லை.

வளையம் தெரிவதால் துளை விழுந்துவிட்டது என்றும் ஆகாது. நங்கூரமிட்ட வடிவங்களில் பெரும்பாலானவை சவ்வின் மேல் படுத்தே இருக்கும். ஊடுருவல் என்று எழுத வேண்டுமானால் மின்னோட்டம் வேண்டும், அல்லது சாயம் கசிந்ததற்கான சான்று வேண்டும். முன்பு சொன்ன 26 கொலஸ்ட்ரால் துளை 1 மோலார் பொட்டாசியம் குளோரைடில் ஏறக்குறைய 1 நானோசீமன்ஸ் (மின்கடத்துத்திறன் அலகு) கடத்தியது. ஒப்பிட அந்த எண் உதவும். டிஎன்ஏ ஊடுருவிய இடத்தில் லிப்பிட் தலைகள் மின்னூட்டத்தை நோக்கித் திரும்பி, துளையின் ஓரமாக மடிந்து நிற்கின்றன. மேலடுக்கும் கீழடுக்கும் அங்கே தொடர்ச்சியாகிவிடுவதால் லிப்பிட்கள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வழுக்கிப் போகலாம். 2018இல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வில் ஒரு டிஎன்ஏ வடிவம் நொடிக்கு 1 கோடிக்கும் மேற்பட்ட லிப்பிட்களை இப்படிப் புரட்டியது. இயற்கையான புரட்டு நொதிகள் இந்த வேகத்துக்கு அருகில் வருவதில்லை. துளை செய்யத்தான் வாங்கினோம் என்றாலும் சவ்வின் இரு பக்க வேறுபாடு கலைவது கூடவே வரும். செல்லில் அது, உட்பக்கத்தில் இருக்க வேண்டிய பாஸ்பாட்டிடைல்செரின் என்ற லிப்பிட் வெளியே தெரிவதில் முடியும், அதை இறப்பு அறிகுறி என்று செல் சாயம் படித்துக்கொள்ளும்.

உயிருள்ள செல்லுக்குப் போனதும் சரக்கின் மதிப்பெண் இறங்குகிறது. வளர்ப்பு ஊடகத்தில் மெக்னீசியம் 1 மில்லிமோலாருக்கும் குறைவு. ஒரிகாமி மடிந்ததோ 10 முதல் 20 மில்லிமோலாரில். சில வடிவங்கள் அங்கேயே அவிழும். சீரத்தின் நொதிகள் மீதியைத் தின்னும், அதிலுள்ள அல்புமின் என்ற புரதமும் லிப்போபுரதங்களும் கொலஸ்ட்ராலைச் சவ்விலிருந்து பிடுங்கும். ஆகவே நங்கூரம் ஏற்றும் நேரத்தில் சீரம் கூடாது, அல்புமின் கூடாது. செல்களை வெறும் பிபிஎஸ் உப்புக் கரைசலில் இரண்டு முறை கழுவி, பனிக்கட்டியில் வைத்து, 5 முதல் 10 நிமிடத்தில் முடிக்க வேண்டும். குளிரில் செல் நங்கூரத்தை உள்ளே விழுங்குவதும் தாமதமாகும். வேலை முடிந்ததும் 1 சதவீத அல்புமின் சேர்த்தால் ஒட்டாமல் மீந்ததை அது உறிஞ்சிக்கொள்ளும். செல்லின் சர்க்கரைப் போர்வை தடிமனாக இருந்தால் பெரிய ஒரிகாமி சவ்வைத் தொடவே தொடாது. நீண்ட கைப்பிடி தேவைப்படும். ஒரிகாமியைக் காப்பாற்றப் பத்து லைசினும் பாலிஎத்திலீன் கிளைக்காலும் சேர்ந்த பூச்சு 2017 முதல் பரவலாக இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது. பூச்சுக்குப் பிறகும் கைப்பிடிகள் இணை இழையை ஏற்கின்றனவா என்று மட்டும் தனியே சோதியுங்கள்.

ஒளிரும் சாயத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 2019இல் மெக்கில் பல்கலைக்கழகக் குழு எச்சரித்தபடி, டிஎன்ஏ சிதைந்து உதிர்ந்த சாயத்துண்டுகளே செல்லுக்குள் போய், முழு வடிவம் நுழைந்தது போன்ற படத்தைக் கொடுக்கும். டிஎன்ஏவை வெட்டும் நொதியான டிஎன்ஏஸ் I-ஐ வெளியே சேர்த்ததும் மறையும் ஒளி வெளிப்பக்கத்தது, மறையாதது உள்ளே போனது. இரண்டு சாயங்களை வெவ்வேறு இழைகளில் வைத்து அவை சேர்ந்தே பயணிக்கின்றனவா என்று பார்ப்பதும் நல்லது.

மாற்றுச் சரக்குகள்? டோகோஃபெரால் (வைட்டமின் ஈ) ஒலிகோ சவ்வின் இளகிய பகுதிகளை விரும்புகிறது, பால்மிட்டாயில் இறுகிய பகுதிகளை. கொலஸ்ட்ராலுக்கு அந்தப் பிடிவாதம் குறைவு. சவ்வில் இடம் தேர்ந்து அமர்த்துவதே உங்கள் வேலை என்றால் முதலிரண்டில் ஒன்றை வாங்குங்கள். போர்ஃபிரின் தானே ஒளிர்வதால் கூடுதல் சாயம் வேண்டாம், ஆனால் பருமன் அதிகம், விற்பவர்களும் குறைவு. முன்பு சொன்ன எத்தில் வழி (எத்தில் பாஸ்பரோதையோயேட்) வேண்டுமானால் கூடவே ஒரு வேதியியலாளரும் வேண்டும். தனித்தனிச் செல்களுக்கு அடையாள இழை ஒட்ட மட்டும்தான் என்றால் லிக்னோசெரிக், பால்மிட்டிக் அமிலங்கள் கொண்ட இரட்டை நங்கூரமும் இருக்கிறது; 2019இல் வந்த, பல மாதிரிகளின் செல்களுக்கு அடையாளமிட்டு ஒன்றாகப் படிக்கும் மல்டி-செக் முறை அதை வைத்தே கட்டப்பட்டது.

செல்லின் கொலஸ்ட்ரால் அளவையோ, கொலஸ்ட்ரால் செறிந்த சவ்வுத் திட்டுகளையோ அளக்கும் சோதனைக்கு இந்தச் சரக்கை வாங்கவே வாங்காதீர்கள். சைக்ளோடெக்ஸ்ட்ரினால் செல்லின் கொலஸ்ட்ராலை உருவும் சோதனைக்கும் ஆகாது. அது உங்கள் நங்கூரத்தையும் சேர்த்தே உருவிவிடும்.